நொண்டி வேஷக்காரனின் இடது முட்டி

பன்னிரண்டு வருஷம் நான் இயேசுவாக இருந்தேன். அதில் முதல் பத்துத் தடவை அருள்பிரகாசத்தின் காலைக் குணமாக்கினேன். பதினோராவது தடவை முடியவில்லை. மைதானமே கைகொட்டிச் சிரித்தது.

புரியும்படி சொல்கிறேன். ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலில் வருஷா வருஷம் குருத்தோலை ஞாயிறன்று சாயங்காலம் பாஸ்கா போடுவோம். ஆண்டவரின் பாடுகளை நாடகமாக நடிப்பதுதான் பாஸ்கா. கோயில் மைதானத்தில் மேடை, நான்கு மூலையிலும் ஒலிபெருக்கிக் குழாய், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எழுதி நடத்துவது பங்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் செல்லக்கனி. அவர் எழுதிய வசனத்தில் ஒரு சொல் பிசகினாலும் ஒத்திகையிலேயே மர ஸ்கேலால் உள்ளங்கையில் போடுவார். எனக்கு நாற்பது வயதான பிறகும் போட்டிருக்கிறார். நான் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிளார்க், பெயர் ஜோ. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபக்காரனுக்கு இந்த வேஷமா என்று கேட்காத ஆள் இல்லை. உயரம் இருக்கிறது, தாடி சீக்கிரம் வளரும், சிலுவையைத் தூக்கத் தெம்பு இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டுமாம்?

அருளு நொண்டி. நாடகத்தில்தான். வழியோரம் பாய் விரித்து உட்கார்ந்திருப்பான். நான் சீடர்களோடு வருவேன். அவன் எழுந்து கம்பை ஊன்றி நாலடி நொண்டி வந்து, என் காலடியில் விழுந்து, அங்கியின் ஓரத்தைப் பிடிப்பான். நான் கையை நீட்டி, "மகனே, உன் கால்கள் இனி உன்னைச் சுமக்கட்டும்" என்பேன். அவன் கம்பைத் தூக்கி எறிந்துவிட்டு மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குதித்துக் குதித்து ஓடுவான். மொத்தம் மூன்று நிமிஷம். நாடகம் முடிந்து வீட்டுக்குப் போகிற ஜனம் அந்த மூன்று நிமிஷத்தைப் பற்றித்தான் பேசும். இரண்டரை மணி நேரம் அடி வாங்கிச் சிலுவை சுமப்பவன் நான், பேர் வாங்குகிறவன் அவன். எரிச்சல் வருமா வராதா?

எந்தக் காலை நொண்டுவது என்பதை முதல் வருஷமே வாத்தியார் முடிவு செய்துவிட்டார். பெண்கள் பக்கம் எந்தக் கால் நன்றாகத் தெரிகிறதோ அதைத்தான் நொண்ட வேண்டும், அழுகிறவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். அது வலது கால். அன்றிலிருந்து அருளு வலது காலைத்தான் நொண்டினான்.

மேடையோடு விட்டானா, அதுதான் இல்லை. தண்ணீர் லாரி வந்தால் வரிசையின் கடைசியிலிருந்து நொண்டிக்கொண்டே முன்னால் வந்துவிடுவான். பஸ்ஸில் ஏறினால் நாலாவது அடியில் உட்கார இடம் கிடைக்கும். ஒரு தடவை டோல்கேட்டில் இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் போய் டிராபிக் போலீஸிடம் மாட்டினான். இறங்கி ஐந்தடி நடந்து காட்டினான். அந்த நல்ல மனுஷன் இவனைச் சைக்கிளில் ஏற்றிவிட்டு, பின்னால் இருந்த இரண்டு பேரையும் பிடித்துத் திட்டினார். அதில் ஒருவன் நான்.

அவன் மனைவி ஐரீன் மட்டும் ஏமாறுவதில்லை. கல்யாணமான புதிதில் அரிசி மூட்டை தூக்கச் சொன்னால் நொண்டுவான், கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டு வரச் சொன்னால் நொண்டுவான். ஆறு மாதம் பார்த்தாள். பிறகு காலைக்கூடப் பார்க்காமல், "ரைட்டு காலா? அப்ப ரெண்டு மூட்டையா தூக்கு" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

வேலையில் மட்டும் அருளு நொண்டியதே இல்லை. எண்ணூர் ஹைரோட்டில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை. டிரெய்லர் லாரியில் பெட்டியை இறக்கி வைத்ததும் மேலே ஏறி, நான்கு மூலையிலும் பூட்டை முறுக்கிவிட்டு, கீழே குதித்து அடுத்த லாரிக்கு ஓட வேண்டும். ஒரு ஷிப்டில் எழுபது தடவை ஏறி எழுபது தடவை குதிப்பான். பதினெட்டு வருஷமாக அதே வேலை. அதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. தான் பூட்டிய பெட்டி இதுவரை ஒன்றுகூட ஆடியதில்லை என்று டீக்கடையில் சொல்லுவான். அதை நாங்கள் நம்புவோம். அவன் சொல்வதில் நாங்கள் நம்புவது அது ஒன்றுதான்.

2002-ல் குருத்தோலை ஞாயிறுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, லாரியிலிருந்து குதித்தவன் கீழே கிடந்த சங்கிலியின் மேல் இடது காலை வைத்துவிட்டான். பாதம் மாட்டிக்கொண்டது, உடம்பு திரும்பிவிட்டது, முட்டிக்குள்ளே டொக்கென்று ஒரு சத்தம். மறுநாள் முட்டி வீங்கியிருந்தது. யார்டு சூப்பர்வைசர் ஜெயவேலிடம் போய்ச் சொன்னான். அவரும் எங்கள் நாடகம் பார்க்கிறவர்தான். "இன்னா அருளு, குருத்தோலை வர்து, பிராக்டீஸா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒத்திகையில் என்னிடம் வந்தான்.

"மாமு, முட்டி ரொம்ப பேஜாரா கீதுடா. படி ஏறசொல்ல உள்ள இன்னாமோ மாட்டிக்கிது."

"மேடைக்கு வெச்சுக்கோ. என்கிட்ட வாணாம்" என்றேன்.

அன்று அவன் நொண்டினதைப் பார்த்துவிட்டு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கால் மாறிப்போச்சு. அது போகட்டும், நடிப்பே இயற்கையா இல்லையே அருள்பிரகாசம். நிஜ நொண்டி இப்படியா நடப்பான்? பழையபடி செய்" என்றார். அருளு திரும்பப் பாய்க்குப் போனான். வலியெல்லாம் இடது காலில் இருக்க, அதையே ஊன்றிக்கொண்டு வலது காலால் நொண்டிக் காட்டினான். வாத்தியார் தலையை ஆட்டினார். "இது. இதுதான் வேணும்."

நாடகத்தன்று மைதானம் நிறைந்திருந்தது. அருளு நொண்டி வந்தான், என் காலடியில் முட்டி மடங்க விழுந்தான், அங்கியைப் பிடித்தான். நான் கையை நீட்டி வசனத்தைச் சொன்னேன். அவன் எழுந்திருக்கவில்லை.

சரி, கேட்கவில்லை போல என்று இன்னொரு தடவை சொன்னேன், சத்தமாக. எழுந்திருக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தான். "எயுந்திர்றா டேய்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "முடில மாமு. முட்டி மாட்டிக்கிச்சு, நீட்ட வர்ல" என்றான் அவன், உதடு அசையாமல். இவன் என்னை வைத்து விளையாடுகிறான் என்று எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அங்கிக்குள்ளிருந்து காலை நீட்டி, ஜனத்துக்குத் தெரியாமல், அவன் முட்டியில் ஒரு இடி விட்டேன். இடது முட்டியில்.

அவன் கத்தவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். மேடையில் பொய்யாக வலிக்கும்போது மணலி வரைக்கும் கேட்கிற மாதிரி அலறுகிறவன், அன்று வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடைசியில் நான்கு சீடர்கள் வந்து அவனைப் பாயோடு தூக்கிக்கொண்டு போனார்கள். குணமாகாத நொண்டியை ஆண்டவருடைய சீடர்களே அப்புறப்படுத்தினதைப் பார்த்து, பங்குச் சாமியார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். அதற்குப் பிறகு நான் சிலுவையில் தொங்கும்போதுகூட நாலு பேர் சிரித்தார்கள்.

மறுநாள் டீக்கடையில் என் ஆத்திரத்தையெல்லாம் கொட்டினேன். "அவனா? நொண்டறதுல டிகிரி முடிச்சவன் சார் அவன். பதினோரு வருஷமா நான் கிட்ட இருந்து பாக்குறேன். அவனுக்கு முட்டி வலியாம், எவன் நம்புவான்" என்று கத்தினேன். பக்கத்தில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தவர் ஜெயவேல். அதைக் கவனித்திருந்தால் வாயை மூடியிருப்பேனா என்று கேட்டால், மூடியிருக்க மாட்டேன்.

ஜெயவேல் அதை அப்படியே மேனேஜரிடம் போய்ச் சொன்னார். அருளு ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயை நீட்டினான். கம்பெனி டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்றார். அப்படியானால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வா என்றார் மேனேஜர். அதில் ஏதாவது தெரிந்தால் வைத்தியம் கம்பெனி பொறுப்பு, கால் சரியாகும் வரை உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒன்றும் தெரியாவிட்டால் பொய் சொல்லி வேலைக்கு மட்டம் போட்டதற்குச் சீட்டுக் கிழியும். பதினெட்டு வருஷ வேலை ஒரு படத்தில் போய் நின்றது.

இரண்டு நாள் கழித்து ஐரீன் எங்கள் கூட்ஸ் ஷெட்டுக்கே வந்துவிட்டாள். மூட்டைகளுக்கு நடுவில் என் மேஜைக்கு எதிரில் நின்றாள்.

"ஜோண்ணே, டீக்கடையில வாய வுட்டது நீதான?"

"ஏதோ கோவத்துல..."

"கோவம் உனுக்கு. வேல அதுக்கு. நாளைக்கு ஸ்கேனு. ஆட்டோல ஏத்தி எறக்கணும், பேப்பர் இங்கிலீஷ்ல கீது. நீயே வா."

"அவனுக்கு நெஜமாவே வலியா ஐரீனு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் காது சுட்டது. "ராத்திரி தூக்கத்துல பெரண்டா முனகுறாரு. தூங்கிகினு எவனாச்சும் நடிப்பானா? அதுவும் லெப்டு கால்ல?" என்றாள்.

பூந்தமல்லி ஹைரோடு பக்கம் ஸ்கேன் சென்டர். வழி முழுக்க ஆட்டோவில் அருளு முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தான். இறங்கினதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாமு, அந்த மிஷினு பொய்யக் கண்டுபுடிக்குமா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

மிஷினை இயக்குகிறவர் பெயர் சௌக்கத் அலி. பொறுமையான மனுஷன். ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். "இது பெரிய காந்தம் பா. இரும்பு எதுவும் உள்ள வரக்கூடாது. வாட்ச், பெல்ட், செயின், சில்லறை எல்லாம் கழட்டிடு. உடம்புக்குள்ள எங்கியாவது கம்பி, பிளேட்டு, ஆபரேஷன் பண்ணி வெச்சது இருக்கா? கிரைண்டிங், வெல்டிங் வேலை பாத்து கண்ணுல இரும்புத்தூள் போயிருக்கா?"

"கண்ணுல கிளிசரின் தான் சார் போயிருக்கு" என்றான் அருளு.

"எதுக்கு?"

"அயுவுறதுக்கு."

சௌக்கத் அலி என்னைப் பார்த்தார். "நாடகம் சார்" என்றேன். அதற்குள் ஐரீன் ஓடிவந்து அவன் பனியனுக்குள் கையை விட்டு எதையோ கழற்றினாள். அந்தோணியார் உருவம் பதித்த சின்னத் தகட்டுச் சுரூபம், ஊக்கு போட்டுக் குத்தியிருந்தாள். காலையில் அவனுக்கே தெரியாமல் குத்தினதாம். "நல்லவேளை சொன்னீங்கம்மா. அந்தோணியார் உங்ககிட்டயே வெளிய இருக்கட்டும்" என்றார் சௌக்கத் அலி. பச்சைக் கவுனை அருளுவிடம் கொடுத்துவிட்டுச் சீட்டைப் பார்த்தார். "வலது முட்டிதானே?"

"ஆமா சார்" என்றான் அருளு.

"இன்னா ஆமா?" என்றாள் ஐரீன்.

நான் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கம்பெனி டாக்டர் கையெழுத்தில், வலது முட்டி என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அருளு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"டேய், உனுக்கு எந்தக் கால்டா வலிக்கிது?"

"லெப்டு."

"அப்பால இன்னாத்துக்கு ரைட்டுன்னு எய்திகீறாரு?"

அவன் மெதுவாகச் சொன்னான். டாக்டர் ரூமில் டாக்டர், மேனேஜர், ஜெயவேல் மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். நடந்து காட்டு என்றார்களாம். மூன்று பேர் உட்கார்ந்து தன்னையே பார்க்கிறதைப் பார்த்ததும் இவனுக்கு உள்ளுக்குள் ஒத்திகை ஆரம்பித்துவிட்டது. எப்படியாவது நம்பவைக்க வேண்டுமே என்கிற பயத்தில், பதினோரு வருஷம் பழகின கால் தானாகவே நொண்டியிருக்கிறது. வலது கால். வாத்தியார் ஒத்திகையில் தலையாட்டின அதே நொண்டல். டாக்டர் மேஜையை விட்டு எழவில்லை, முட்டியைத் தொடவில்லை, எக்ஸ்ரே எந்தக் காலுடையது என்றும் பார்க்கவில்லை. எந்தக் கால் நொண்டியதோ அதை எழுதிவிட்டார். ரூமை விட்டு வெளியே வந்த பிறகுதான் தான் செய்தது இவனுக்கே உறைத்திருக்கிறது.

"அப்பவே திரும்பிப் போய் சொல்றதுதான?"

"இன்னான்னு சொல்றது மாமு? கால மாத்தி நொண்டிட்டேன் சார், மன்ச்சிருங்கன்னா? ஏற்கெனவே பொய்யின்றாங்கோ. கால மாத்திச் சொன்னா முடிஞ்சிது. பேப்பர்ல இருக்கிறதையே எடுத்துரட்டும், நம்ம நேரம் எப்டியோ அப்டி ஆவட்டும்னு வந்துட்டேன்."

வலிக்காத காலைப் படம் எடுக்கக் கொடுத்து, அதில் ஒன்றும் இல்லை என்று வந்து, வேலையை விட்டுப் போவதற்கு அவன் தயாராக நின்றான். நிஜத்தைச் சொன்னால் எவனும் நம்ப மாட்டான் என்று அவ்வளவு நிச்சயம் அவனுக்கு. அந்த நிச்சயத்தை அவனுக்குக் கொடுத்தவர்களில் முதல் ஆள் நான். எனக்கு அவமானமாக இருந்தது. அதை அங்கே சொல்லத் தெரியாமல் அவனையே திட்டினேன்.

ஐரீன் என்னைத் தள்ளிவிட்டு சௌக்கத் அலி முன்னால் போய் நின்றாள். "சார், நான் சொல்றேன் கேளுங்க. இந்த ஆளு பொய் சொல்லசொல்ல ரைட்டு கால்தான் நொண்டும். பத்து வருஷமா பாத்துகினு கீறேன், ஒரு தபா கூட மாறினது கெடையாது. இப்ப வலிக்கிறது லெப்டு. லெப்டுல வலின்னு அது சொன்னா நெஜம் சார்."

சௌக்கத் அலி அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ பொய் சொல்ற கால ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார். "நானா மாத்த முடியாதும்மா. டாக்டரம்மாவ கூப்பிடறேன்."

டாக்டரம்மா வந்தார்கள். கதை எதையும் கேட்கவில்லை. அருளுவைப் படுக்கவைத்து இரண்டு முட்டியையும் பார்த்தார்கள். வலது காலை மடக்கி நீட்டினார்கள், சரசரவென்று போய் வந்தது. இடது காலை நீட்டும்போது பாதியில் நின்றது. மெதுவாகத் திருப்பினார்கள். அருளு கண்ணை மூடிக்கொண்டான். சத்தம் வரவில்லை. கண்ணோரத்திலிருந்து தண்ணீர் மட்டும் காதுப் பக்கம் இறங்கியது, கிளிசரின் இல்லாமல். மேடையில் நான் இடித்த அன்று அவன் பார்த்த பார்வை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

டாக்டரம்மா கம்பெனி டாக்டருக்குப் போன் போட்டார்கள். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் எங்களுக்குக் கேட்டது. "இல்ல டாக்டர், லெஃப்ட்தான்... நீங்க எக்ஸாமின் பண்ணீங்களா?... நடக்கறத பாத்தீங்களா, சரி... ரெண்டையுமே எடுக்கறேன்." போனை வைத்துவிட்டு, "அவருக்கு நீங்க எந்தக் கால்ல பொய் சொல்றீங்கன்னு தெரிஞ்சாகணுமாம்" என்றார்கள்.

ஒவ்வொரு முட்டிக்கும் அரை மணி நேரம். அசையக்கூடாது, அசைந்தால் படம் கலைந்துவிடும், முதலில் இருந்து எடுக்க வேண்டும் என்று சௌக்கத் அலி மூன்று தடவை சொன்னார். அருளு வாழ்நாளில் அரை மணி நேரம் அசையாமல் இருந்ததில்லை. பூசையில்கூட இருந்ததில்லை. காதில் அடைக்கப் பஞ்சு மாதிரி ஒன்றைக் கொடுத்து, முட்டியைச் சுற்றி ஒரு கூட்டை மாட்டி, இடுப்பு வரை உள்ளே தள்ளினார்கள். கதவு மூடியிருந்தும் எங்களுக்குச் சத்தம் கேட்டது. டக டக டக என்று ஒரு பாட்டம், பிறகு கர் கர் என்று ஒரு பாட்டம். ஐரீன் ஊக்கைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே ஜெபமாலை சொன்னாள். நானும் சேர்ந்து சொன்னேன். நாடகம் இல்லாத நாளில் நான் ஜெபம் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

வெளியே வந்தவன், "சாத்தாங்காட்டுல தகரம் தட்டுற எடத்துல பாய் போட்டு படுத்த மாரி இருந்துச்சு மாமு. ஆனா ஒண்ணு, எவனும் என்னிய பாக்கல. அத்தொட்டு ஆடாம இருந்துட்டேன்" என்றான்.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் கறுப்பாக, சின்ன முக்கோணமாக ஒன்றைக் காட்டினார்கள். "இது முட்டிக்குள்ள இருக்கற ஜவ்வு. மெத்தை மாதிரி. எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், இது தெரியாது. இது வலது முட்டி, முழுசா இருக்கு. இப்ப இடது பாருங்க. ஜவ்வு நீளமா கிழிஞ்சு, கிழிஞ்ச துண்டு மடங்கி நடுவுல வந்து மாட்டியிருக்கு. அதான் கால் பூட்டிக்குது. இத வெச்சுக்கிட்டு எப்படி நடந்தீங்க?"

"நடிச்சேன் மேடம்" என்றான் அருளு.

அவனுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். முட்டிக்குள்ளே கிழிந்திருக்கிறது என்று கேட்டு ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "பாத்தியா மாமு, கியிஞ்சி கீது. நல்லா கியிஞ்சி கீது" என்று என்னை உலுக்கினான்.

வலது முட்டி எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது, இவர் வேலைக்கு இந்நேரம் கொஞ்சமாவது தேய்ந்திருக்க வேண்டுமே என்று டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார்கள். "எங்க தேயும்? பதினோரு வருஷமா நொண்டி நொண்டி அத்த கீழயே வெக்கல" என்றாள் ஐரீன்.

ரிப்போர்ட்டை மேனேஜரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீக்கடையில் பேசினது நான்தான், கோபத்தில் பேசினது, அது பொய் என்று ஜெயவேல் முன்னாலேயே சொன்னேன். ஜெயவேல் தரையைப் பார்த்தார். மே மாதம் ஆபரேஷன் ஆனது. இரண்டு சின்ன ஓட்டை போட்டு, உள்ளே குழாய் விட்டு, மாட்டிய துண்டை வெட்டி எடுத்தார்கள். மூன்று மாதம் யார்டு கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் குறித்தான். ஏறிக் குதிக்கிற வேலை இனி வேண்டாம் என்று டாக்டர் எழுதிவிட்டதால், பிறகு அதே யார்டில் பூட்டுகளைச் சரிபார்க்கிற வேலை கொடுத்தார்கள். எவன் பூட்டுகிற பெட்டியிலும் இப்போது இவன் குற்றம் கண்டுபிடிக்கிறானாம்.

அடுத்த வருஷம் பாஸ்கா வந்தது. நொண்டிக் காட்சியையே எடுத்துவிடலாம் என்றார் வாத்தியார். சாமியார் விடவில்லை, போன வருஷம் போன மானத்தை இந்த வருஷம் மீட்டாக வேண்டும் என்றார். மடங்கி விழுவதும் குதித்து ஓடுவதும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அருளு ஒரு கல்மேடையில் உட்கார்ந்திருப்பது, எழுந்து நடப்பது, அவ்வளவுதான் என்று காட்சியை மாற்றினார்கள். அந்த வருஷம் புதிதாக எனக்குக் கழுத்தில் மாட்டுகிற மைக் வாங்கியிருந்தார்கள்.

சீடர்களோடு வந்தேன். அருளு என் அங்கியைப் பிடித்தான். கையை நீட்டினேன். வாயைத் திறந்தால் வசனம் வரவில்லை. எனக்கு அவன் இடது முட்டி மட்டும்தான் தெரிந்தது. நான் இடித்த இடம். பதினோரு வருஷமாகக் குணமாக்குகிறேன் குணமாக்குகிறேன் என்று கை நீட்டினேனே தவிர, இவனிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

"வலிக்குதாடா?" என்று கேட்டுவிட்டேன்.

கழுத்தில் மைக் இருந்தது எனக்கு நினைவில்லை. நான்கு மூலையிலும் குழாய் அலறியது. மைதானம் கப்சிப்பென்று அடங்கியது. அருளு என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு மேடையும் ஜனமும் மறந்துபோயிருக்க வேண்டும்.

"இப்ப இல்ல மாமு" என்றான்.

எழுந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமும் சாயாமல், சாதாரணமாக மேடையைக் கடந்து நடந்தான். பெண்கள் பக்கத்தில் அழுகை கிளம்பியது. ஆண்கள் பக்கத்திலும் மூக்கை உறிஞ்சினார்கள். திரைக்குப் பின்னால் வாத்தியார் ஸ்கேலோடு நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், ஸ்கேலைப் பார்த்தார், அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் எனக்கு முன்னால் எட்டுக் குடம். கடைசியிலிருந்து அருளு நொண்டிக்கொண்டே வந்தான், முகத்தில் அத்தனை வேதனை. சட்டென்று குனிந்து எந்தக் கால் என்று பார்த்தேன்.

வலது. பொய்தான் என்று தெரிந்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"பின்னாடி போய் நில்லுடா டேய்" என்றேன்.

சிரித்துக்கொண்டே போனான், இரண்டு காலாலும் நடந்து.